பதினெட்டாயிரத்தின் இந்தப் பக்கம்

தண்டையார்பேட்டையில், கண்ணாடி மேசைமேல்
இரண்டும் திறந்து கிடந்தன.
இரண்டிலும் ஒரே கடல்,
காசிமேட்டுக்காரர் யாரும் பார்த்திராத நீலத்தில்.
ஒன்று நாற்பத்தொன்பது,
மற்றது அறுபத்தேழு.
ஆயிரம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை;
சொன்னால் பயம் வந்துவிடும்.

"இதுல எட்டு ஜிபி, அதுல பதினாறுக்கா.
அது சும்மா பறக்கும்" என்றான் முபாரக்.
எங்கே பறக்கும் என்று நான் கேட்கவில்லை.
மீன் ஏலக்காரர் நால்வர், இரும்புக்கடை ஆறு,
ஒரு ஐஸ் கம்பெனி,
இவர்களின் ஜிஎஸ்டிதான் என் வானம்.
மாதம் இருபதாம் தேதி ராத்திரி
அரசாங்கத் தளம் வட்டமாய்ச் சுற்றும்போது
எட்டும் பதினாறும்
பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து
ஒன்றாய்த்தான் கொட்டாவி விடும்.

தெரிந்தும்
கை அறுபத்தேழின் மேலேயே இருந்தது.
விசைகள் அமுங்கிய விதம்
நன்றாக வெந்த பட்டாணியை விரலால் நசுக்கியதுபோல.
மூடி ஒரு விரலுக்கே திறந்தது.
என் பழசுக்கு இரண்டு கையும் ஒரு முழங்காலும் வேண்டும்.

பழசு உயிர்பெற ஏழு நிமிஷம்.
அந்த ஏழு நிமிஷத்தில்
கேன் தண்ணியைப் பானையில் சரித்திருக்கிறேன்,
சின்னவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டிருக்கிறேன்,
ஒருமுறை தேசிங்கோடு சண்டை தொடங்கி, முடித்து,
சமாதானத்தில் பாதி தூரம் வந்திருக்கிறேன்.
பல நாள் ஒன்றுமே செய்யாமல்
ஜன்னல் வழியே கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணியிருக்கிறேன்.
ஐம்பத்தெட்டு.
ஒருநாள் ஐம்பத்தொன்பது.
ஒன்பது நொடியில் திறக்கிற ஒன்று
மிச்சமாகும் நேரத்தை எனக்கா தரும்,
இரும்புக்கடைக்கா?

பதினெட்டாயிரத்தை வேறு கணக்கில் சொல்லிப் பார்த்தேன்.
இரண்டரை மாத வாடகை.
பெரியவனின் டியூஷன், ஒரு வருஷம்,
மழைக்கு மூடின நாட்கள் போக.
மாமியாரின் வலது கண், லென்ஸோடு சேர்த்து.
எந்தக் கணக்கிலும் அது சிறுத்துக் கொடுக்கவில்லை.

வீட்டுக்குள் தண்ணி வந்த டிசம்பரில்
பழசைத் தலைமேல் வைத்துக்கொண்டு
இடுப்பளவில் நின்றவள் நான்.
இன்னும் கழுத்தில் ஒரு பக்கம் வலி.
"ஒன்னேகால் கிலோதான்க்கா" என்றான்,
நினைத்ததைக் கேட்டவன்போல.
அது ஒன்றுக்காகவே
ஏறக்குறைய சரி என்றுவிட்டேன்.

பிறகு அவனே, விற்க நினைத்ததை மறந்து,
நாற்பத்தொன்பதைக் குப்புறப் போட்டுத் தட்டினான்:
"அதுல ராம் ஒட்டியே வரும், கூட்ட முடியாது.
இதுல ஒரு ஸ்லாட் காலியா கீது."

காலியா கீது.
கொருக்குப்பேட்டை மாடிகள் ஞாபகம் வந்தன.
அடுத்த தளத்துக்கென்று விட்டுவைத்த கம்பிகள்,
துருப்பிடித்து, ஆளுயரத்துக்கு.
எங்கள் ஹவுஸ் ஓனர் பதினோரு வருஷமாக
அதில் துணிக்கொடிதான் கட்டுகிறார்.
ஆனாலும் கேட்டுப் பாருங்கள்,
வீடு முடிந்தது என்று சொல்லமாட்டார்;
"மேல எடுக்கணும்" என்பார்.

நாற்பத்தொன்பதை எடுத்தேன்.
பதினெட்டாயிரம் மிச்சம் என்று
தேசிங்குக்கு போன் போட்டேன்.
"எங்க கீது?" என்றான்.
நியாயமான கேள்வி.
அது கையில் இருந்ததே இல்லை;
வந்திருந்தாலும் தவணையாகத்தான் வந்திருக்கும்.

திரும்பும்போது கேட் போட்டிருந்தார்கள்.
ஸ்கூட்டியை அணைத்துவிட்டுப்
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.
தடுப்புக்குக் கீழே குனிந்து சிலர் போனார்கள்,
பதினாறு ஜிபிக்காரர்கள்.
துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் வண்டி
அவசரமே இல்லாமல் வந்தது.
எண்ணத் தொடங்கினேன்.
நாற்பதில் பின்னால் யாரோ ஹார்ன் அடிக்க
விட்டுப்போயிற்று.